செம்பூர்ப் பழைய ஃபிளாட்டைப் புதுப்பித்தல்: டிசைனரிடம் கேட்டு வாங்க வேண்டியவை

மும்பை செம்பூரில் நாற்பது ஆண்டுகளைக் கடந்த ஹவுசிங் சொசைட்டிக் கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் 650 சதுர அடி கார்ப்பெட் பரப்புள்ள டூ பி.எச்.கே. வீடு, அதில் ஓய்வு பெற்ற பெற்றோர், நீங்கள் இருவர், பள்ளி செல்லும் மகள். வீட்டை முழுமையாகப் புதுப்பிக்க ஓர் இன்டீரியர் டிசைனர் வண்ணப் படங்களைக் காட்டி, மொத்தம் 22 லட்சம் ரூபாய் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்தொகை நியாயமானதா, டிசைனர் அவசியமா அல்லது தெரிந்த கான்ட்ராக்டரே போதுமா, அம்மாவின் ஊஞ்சலுக்கும் கொலுப் பொம்மைகளுக்கும் தஞ்சாவூர்ப் படத்துக்கும் புதிய வீட்டில் இடம் உண்டா என்பவை உங்கள் கேள்விகள்.

ஒற்றை வரியை வைத்துக்கொண்டு தொகை நியாயமானதா என்று எவராலும் சொல்ல இயலாது. படத்தில் தெரியும் அலமாரியை ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டிலும் செய்யலாம், மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டிலும் செய்யலாம். மேலே ஒரே லேமினேட்டை ஒட்டிவிட்டால் முதல் மழைக்காலம் வரை இரண்டும் ஒன்றுபோலவே காட்சி தரும். குளியலறையில் பழைய குழாய்களையும் நீர்க்கசிவுத் தடுப்பையும் அடியோடு மாற்றிய பிறகு டைல்ஸ் பதிக்கலாம். பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டிவிட்டும் போகலாம். செலவின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவை கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடுகளே. ஆகவே டிசைனரின் தரத்தை அவர் காட்டிய படங்களைக் கொண்டு அளக்காதீர்கள். சுவரில் முதல் சுத்தியல் விழுவதற்கு முன் அவர் தரும் வரைபடங்களையும் அளவு–விலைப் பட்டியலையும் கொண்டு அளங்கள்.

அதற்கும் முன்னால் சொசைட்டிச் செயலாளரிடம் ஒரு செய்தியைக் கேட்டறிய வேண்டும். செம்பூரில் உங்கள் கட்டடத்தின் வயதையொத்த பல சொசைட்டிகள், பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட்டுக்குப் போய்விட்டன, அல்லது பேச்சு வார்த்தையில் இருக்கின்றன. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79-ஏ பிரிவின் கீழ் 2019-இல் வெளியான அரசு வழிகாட்டுதலின்படி, மொத்த உறுப்பினர்களில் 51 விழுக்காட்டினர் இசைந்தாலே அம்முயற்சி முன்னே நகரும். எனவே உங்கள் வீட்டார் விரும்பாவிட்டாலும் அது நிகழக்கூடும். கட்டடம் நான்கைந்து ஆண்டுகளில் இடிபடும் வாய்ப்பு இருக்குமானால், குழாய், வயரிங், பெயின்ட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைக் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய தனி மரச்சாமான்களாகவே வாங்குவது அறிவுடைமை. சுவரோடு சேர்த்து அடிக்கப்பட்ட அலமாரியை யாரும் அடுத்த வீட்டுக்குத் தூக்கிச் செல்வதில்லை. இந்த ஒரு விசாரணையைச் செய்யாமல் லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, இரண்டாம் ஆண்டே வாடகை வீட்டுக்குப் போக நேர்ந்த குடும்பங்கள் மும்பையில் குறைவல்ல.

அந்த ஐயம் தீர்ந்தது என்று வைத்துக்கொண்டு டிசைனரா, கான்ட்ராக்டரா என்ற கேள்விக்கு வருகிறேன். பெயின்ட், தரை, கதவுகள் ஆகியவற்றை மட்டும் மாற்றுவதாக இருந்தால் அனுபவமுள்ள கான்ட்ராக்டர் போதும். ஆனால் மூன்று தலைமுறையினர் 650 சதுர அடிக்குள் ஒருவரையொருவர் இடிக்காமல் வாழ வேண்டும், சமையலறை மாற வேண்டும், வயரிங் முழுவதும் புதிதாக வேண்டும் என்னும்போது, மின்சாரக்காரர், பிளம்பர், கார்பென்டர், டைல்ஸ் பதிப்பவர் ஆகிய நால்வரும் ஒரே அளவுகளைப் பார்த்து வேலை செய்ய ஒரு வரைபடத் தொகுப்பு வேண்டும். அதை உருவாக்குவதும், அதன்படி வேலை நடக்கிறதா என்று வாரந்தோறும் வந்து பார்ப்பதுமே டிசைனரின் வேலை. என் கருத்தில் உங்களுக்கு டிசைனர் தேவை. ஆனால் வடிவமைப்பு, பொருள், கூலி எல்லாவற்றையும் அவரே ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொள்ளும் டர்ன்கீ முறையைவிட, டிசைனருக்குத் தனிக் கட்டணமும் கான்ட்ராக்டருக்குத் தனி ஒப்பந்தமும் இருப்பதே நல்லது. வேலை செய்பவரும் வேலையைச் சரிபார்ப்பவரும் ஒருவரேயானால், சரிபார்த்தல் என்பது பெயரளவில்தான் இருக்கும். தனிக் கட்டணம் பொதுவாக வேலை மதிப்பில் 8 முதல் 15 விழுக்காடு வரையிலோ, சதுர அடிக் கணக்கிலோ, ஒரே தொகையாகவோ பேசப்படும். டிசைனர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால் அதன்மேல் 18 விழுக்காடு வரியும் சேரும். 22 லட்சம் என்பது வரியோடு சேர்த்தா, வரி நீங்கலாகவா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

தகுதியைப் பற்றியும் ஒரு சொல். ஆர்க்கிடெக்ட் என்று தம்மைச் சொல்லிக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அத்தகைய கட்டாயப் பதிவு எதுவும் கிடையாது. ஆகையால் பெயர்ப்பலகையையோ இன்ஸ்டாகிராம் பக்கத்தையோ நம்பாமல், அவர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் முடித்துக் கொடுத்த ஒரு வீட்டைப் பார்க்கக் கேளுங்கள். புதிதாக முடித்த வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மூன்று மழைக்காலம் கண்ட வீட்டில் சிங்க்கின் அடியிலுள்ள கதவைத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இனி, பி.ஓ.க்யூ. என்று இங்கே எல்லோரும் சொல்லும் அளவு–விலைப் பட்டியல். அலமாரிகளுக்கான விலை மும்பையில் பெரும்பாலும் முன்பக்கப் பரப்பைக் கொண்டே கணக்கிடப்படுகிறது: 7 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 49 சதுர அடி, ஆழம் கணக்கில் வராது. இந்தக் கணக்கில் மேலேயுள்ள பரண் சேருமா, உட்புற லேமினேட் சேருமா, இழுப்பறைகள் தனி விலையா, கீல்களும் இழுப்பறை ஓடும் சேனல்களும் எந்த நிறுவனத்தின் எந்த வகை என்பவை எழுத்தில் இல்லையென்றால், சதுர அடிக்கு 1,400 என்று சொன்னவரும் 1,900 என்று சொன்னவரும் ஒரே பொருளைத்தான் சொன்னார்களா என்பதே உங்களுக்குத் தெரியாது. பிளைவுட்டின் கனம், ஐ.எஸ். எண், லேமினேட்டின் கனம், விளிம்புப் பட்டையின் கனம் ஆகியவை வரிக்கு வரி இருக்க வேண்டும். வெளிப்புற லேமினேட் 1 மில்லிமீட்டர், கையும் காலும் படும் விளிம்புகளுக்கு 2 மில்லிமீட்டர் பட்டை என்பது நல்ல வேலைக்கு வழக்கமான அளவு. சிங்க் அடியிலும் குளியலறைச் சுவரை ஒட்டியும் மரைன் பிளைவுட்டைத் தவிர வேறொன்றுக்கும் இணங்காதீர்கள். படுக்கையறையில் உலர்ந்த உட்சுவரை ஒட்டிய அலமாரிக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் விலை உயர்ந்த பலகையே வேண்டும் என்று வற்புறுத்துவது கடைக்காரருக்குத்தான் இலாபம்.

கடைக்காரர் என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று கமிஷன். டைல்ஸ், லேமினேட், விளக்குகள் விற்கும் கடைகள் பல, வாடிக்கையாளரை அழைத்து வரும் டிசைனருக்கு ஒரு பங்கு தருகின்றன. இது ஊரறிந்த வழக்கம். நேர்மையான டிசைனர்கள் இதைத் தாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். சிலர் அந்தத் தள்ளுபடியை வாடிக்கையாளருக்கே திருப்பிவிடுவார்கள். கடைகளிலிருந்து கிடைக்கும் தள்ளுபடி அனைத்தும் வீட்டு உரிமையாளரைச் சேரும் என்ற ஒரு வாக்கியத்தை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு அவர் காட்டும் முகமே உங்களுக்கு வேண்டிய பதிலாக இருக்கும்.

உங்கள் வீட்டில் பணம் முதலில் போக வேண்டிய இடம் குளியலறைகளும் சமையலறையும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய, துத்தநாகம் பூசிய இரும்பாலான ஜி.ஐ. குழாய்கள் உள்ளே துருவேறிப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றை முழுவதும் எடுத்துவிட்டு சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் போடுவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தரையைப் பெயர்த்த பிறகு தரை வடிகாலிலுள்ள நஹானி டிராப்பையும் சேர்த்து மாற்றி, அடித்தளத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன்மேல் செங்கல் துண்டுகளைக் கொண்டு சரிவோடு போடும் பிரிக்பேட் கோபா முடிந்ததும், வடிகாலை அடைத்து நீர் நிரப்பி 48 முதல் 72 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். அந்த நாட்களில் கீழ்வீட்டுக்காரரின் அனுமதியோடு அவர் கூரையைப் போய்ப் பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கறை எது, புதிய கசிவு எது என்ற சண்டை பின்னாளில் வரும்போது இந்தப் படமே பேசும். ஏனெனில் ஹவுசிங் சொசைட்டிகளுக்கான மகாராஷ்டிரத்தின் மாதிரித் துணை விதிகளின்படி, மொட்டை மாடியிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் வரும் கசிவு சொசைட்டியின் பொறுப்பு, ஆனால் உங்கள் குளியலறையிலிருந்தும் சிங்க்கிலிருந்தும் இறங்கும் கசிவு உங்கள் பொறுப்பு.

மின்சாரத்திலும் இதே முறைதான். அக்காலக் கட்டடங்கள் பலவற்றில் அலுமினிய வயர் ஓடுகிறது. அன்று ஒரு வீட்டுக்கு நான்கு மின்விசிறியும் ஒரு ஃபிரிட்ஜும்தான் கணக்கு. இன்று இரண்டு ஏ.சி., இரண்டு கீசர், இன்டக்ஷன் அடுப்பு, வெட் கிரைண்டர் என்று வரும்போது, விளக்குகளுக்கு 1.5, பெரிய பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மின் நிறுவனத்தில் உங்கள் பெயரில் அனுமதிக்கப்பட்டிருக்கும் மின்பளுவை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த விண்ணப்பம் வேலை தொடங்கும் முன்பே போக வேண்டும். குழாய்வழி எரிவாயு இணைப்பை இடம் மாற்றுவது மகாநகர் கேஸ் நிறுவனத்தின் அனுமதி பெற்ற ஆட்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. அழகு கருதி அந்தக் குழாயை அலமாரிக்குள்ளோ சுவருக்குள்ளோ மறைத்துத் தருவதாக யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888-இன் 342-ஆம் பிரிவின் கீழ், பூச்சு, பெயின்ட், தரை மாற்றம் போன்ற வழக்கமான பழுதுபார்ப்புகளுக்குத் தனி அனுமதி தேவைப்படுவதில்லை. சுவரை எடுப்பது, குளியலறையை நகர்த்துவது, பால்கனியை அறையோடு சேர்ப்பது ஆகியவை அந்த வரம்பைத் தாண்டியவை. சொசைட்டியின் ஆட்சேபணையின்மைச் சான்றான என்.ஓ.சி. எதற்கும் வேண்டும், திரும்பத் தரப்படும் வைப்புத் தொகை, வேலை நேரம், இடிபாட்டு மூட்டைகளை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்பன போன்ற நிபந்தனைகளை முதலிலேயே வாங்கிக் கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிடுங்கள். முப்பது ஆண்டுகளைக் கடந்த கட்டடங்கள் அமைப்பு உறுதிச் சான்று பெற வேண்டும் என்று அதே சட்டத்தின் 353-பி பிரிவு சொல்வதால், உங்கள் சொசைட்டியிடம் ஸ்ட்ரக்சரல் ஆடிட் அறிக்கை இருக்க வேண்டும். உங்கள் டிசைனர் அதைக் கேட்டு வாங்கிப் படித்தாரா என்று பாருங்கள். கேட்டிருக்கவில்லையென்றால், அவர் பழைய கட்டடங்களில் அதிகம் வேலை செய்தவரல்லர் என்றே நான் எண்ணுவேன்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று பளு. பழைய மொசைக் தரையைப் பெயர்க்காமல் அதன்மேல் 50 மில்லிமீட்டர் சிமென்ட் கலவையிட்டு 20 மில்லிமீட்டர் மார்பிள் பதித்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ 15 கிலோ, அதாவது 650 சதுர அடிக்கு ஒன்பது டன்னுக்கும் மேல் புதிய எடை தளத்தில் ஏறுகிறது. வீட்டுத் தளங்கள் ஆட்களும் சாமான்களுமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கணக்கிடப்படுபவை. அந்தத் தாங்குதிறனில் பெரும்பங்கை மார்பிளே விழுங்கிவிடும். கடற்காற்றில் நாற்பது ஆண்டு நின்ற கான்கிரீட்டுக்கு இந்தச் சோதனை வேண்டாம். பழைய தரையை எடுத்துவிட்டு விட்ரிஃபைட் டைல்ஸ் போடுவது போதும்.

ஊஞ்சலுக்கான பதிலும் இதிலேயே அடங்கியிருக்கிறது. சிமென்ட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்த கூரைத் தளத்தில் கொக்கி அடித்து ஊஞ்சலைத் தொங்கவிடக் கூடாது. ஸ்ட்ரக்சரல் பொறியாளர் பார்த்து உறுதி சொன்னால் உத்தரத்தின் பக்கவாட்டில் தகடு வைத்து போல்ட் செய்யலாம்; இல்லையேல் பழைய தேக்குப் பலகையையும் பித்தளைச் சங்கிலியையும் வைத்துக்கொண்டு, தரையில் நிற்கும் எஃகுச் சட்டகத்தில் மாட்டிவிடலாம். ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆட இரண்டு பக்கமும் சேர்த்து ஆறடியாவது வேண்டும் என்பதால், அது ஹாலின் நடுவில் டி.வி.க்கு எதிரே அமையாது. பெரும்பாலும் ஜன்னலை ஒட்டிய பக்கமே பொருந்தும். இதை முதல் வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடம் ஒதுக்கிய பிறகு ஊஞ்சலைத் திணித்தால் ஒரு மாதத்தில் அது துணி காயப்போடும் இடமாகிவிடும்.

கொலுவுக்கென்று நிரந்தரப் படி கட்டும் யோசனைகள் இப்போது நிறையக் காட்டப்படுகின்றன. ஆண்டில் ஒன்பது பத்து நாட்களுக்காக 650 சதுர அடியில் அவ்வளவு இடத்தைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. மடக்கி வைக்கும் இரும்புப் படியின் அளவைச் சொல்லி, அது விரியும் சுவரை மட்டும் வெறுமையாக விட்டு, அதனருகில் சீரியல் விளக்குக்கு ஒரு பிளக் வைத்தால் போதுமானது. பொம்மைகளுக்கான பரண் குளியலறையின் மேல் இருக்கக் கூடாது, அங்கே ஈரம் நிற்கும். எழுபது வயதுக்காரர் ஸ்டூல் மேல் ஏறி எடுக்கும் உயரத்திலும் இருக்கக் கூடாது. கட்டிலின் அடியில் தூக்கித் திறக்கும் பெட்டி அதற்கு நல்ல இடம். தஞ்சாவூர்ப் படத்தின் தங்கத் தாளுக்கு அடியில் இருப்பது சுண்ணப் பொடியும் பசையும் சேர்ந்த பூச்சு, அதற்கு அடியில் துணியும் பலகையும். தென்மேற்குப் பருவக்காற்று நேராக அறையும் மேற்கு, தெற்கு வெளிச்சுவர்களில் அதை மாட்டினால் ஈரம் ஏறிப் பூச்சு பெயரும். உட்சுவரில், பின்னால் சிறிது காற்றுப் புகும்படி மாட்ட வேண்டும்.

சமையல் மேடையின் உயரத்தை மாடுலர் கிச்சன் கடைக்காரர்கள் 34 அல்லது 36 அங்குலம் என்று முடிவு செய்து வைத்திருப்பார்கள். சமைப்பவர் நின்றபடி முழங்கையை மடக்கி, அந்த உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் குறைத்தால் அவருக்கேற்ற அளவு கிடைக்கும். ஐந்தடி உயரமுள்ள உங்கள் அம்மாவுக்கு அது 32 அங்குலத்தை ஒட்டி வரக்கூடும். மாமியாரும் மருமகளும் இருவருமே சமைப்பதாக இருந்து உயரத்தில் பெரிய வேறுபாடு இருந்தால், அடுப்பு மேடையை ஒருவருக்கும், எதிர்மேடையை மற்றவருக்கும் அமைக்கலாம். கிரைண்டருக்குத் தாழ்வான தனி மேடை, பக்கத்தில் 16 ஆம்பியர் பிளக், கல்லைக் கழுவ அருகிலேயே குழாய் ஆகியவை நம் வீடுகளில் தவிர்க்க முடியாதவை. அவற்றைக் கேட்காமலே தீவு மேடையும் காலை உணவுக் கவுன்டரும் வரைந்து வரும் டிசைனர், இட்லி மாவு அரைக்கும் வீட்டைப் பற்றி யோசிக்கவில்லை என்று பொருள். மேடைக்கு வெளிர் நிற மார்பிளும் குவார்ட்ஸும் வேண்டாம்: முன்னதில் மஞ்சள் கறை நிற்கும், பின்னதில் பிசின் கலந்திருப்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் கெடும். கறுப்பு கிரானைட்டுக்கு இவ்விரு குறையும் இல்லை.

பெற்றோரின் குளியலறையில் வழுக்காத டைல்ஸ், வெளிப்புறம் திறக்கும் கதவு, திண்ணமான சுவரில் பதித்த கைப்பிடிகள், சற்று உயர்ந்த கமோடு ஆகியவை வேண்டும். பழைய கட்டடங்களில் அந்தக் கதவு பெரும்பாலும் இரண்டடியை ஒட்டிய அகலமே இருக்கும். சுவர் அமைப்பு இடம் கொடுத்தால் 32 அங்குலமாக்கி விடுங்கள். இன்று தேவைப்படாவிட்டாலும் சக்கர நாற்காலி நுழைய அந்த அகலம் வேண்டும்.

காலக் கணக்கு: மும்பையில் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 11, விலகும் நாள் அக்டோபர் 8. இடிப்பு, பூச்சு, பெயின்ட் ஆகியவற்றை இந்த நான்கு மாதத்துக்குள் வைத்தால் சுவர் காயாமலே பெயின்ட் ஏறும், பிளைவுட் ஈரத்தை உறிஞ்சும். வரைபடங்களை ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்துவிட்டு, தீபாவளி கழிந்து தொழிலாளர்கள் ஊரிலிருந்து திரும்பியதும் தொடங்கினால், மூன்று நான்கு மாதத்தில், ஹோலிக்கு அவர்கள் மீண்டும் ஊருக்குப் போகும் முன், பெரும்பகுதி முடிந்துவிடும். அந்த மாதங்களில் பெற்றோரை அதே வீட்டில் ஓர் அறையில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். சிமென்ட் தூசு அவர்களுக்கு ஆகாது, வேலையும் இழுபடும். வாடகைச் செலவையும் 22 லட்சத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காமல் முடிந்த வேலையின் கட்டங்களுக்கேற்பக் கொடுங்கள்: முன்பணம் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும், அடுத்த தவணைகள் நீர்ச் சோதனை தேறியதும், வயரிங் சோதனை முடிந்ததும், அலமாரிச் சட்டங்கள் நின்றதும் என்று போகட்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் ஒவ்வொரு கூடுதல் வேலைக்கும் விலையை எழுதி இருவரும் கையொப்பமிட்ட பிறகே தொடங்க வேண்டும். பட்ஜெட் மீறுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைக் கூடுதல்களால்தான். பில்லும் வங்கிப் பரிமாற்றமும் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால், பின்னர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேரும்போது கையில் ஆதாரம் இராது. 50 லட்சம் வரையிலான வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பூச்சு மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் குழாயும் வயரும் ஓடும் பாதையை அளவுநாடாவோடு புகைப்படம் எடுத்துத் தருவதும், கடைசி 5 விழுக்காட்டை அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு, கசிவும் வீக்கமும் இல்லை என்று பார்த்தே கொடுப்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இவற்றுக்கெல்லாம் அவர் உடன்பட்டு வரிவரியான பட்டியலைக் கொடுத்த பிறகு, அதே பட்டியலை வேறு இரண்டு கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டுப் பாருங்கள்; 22 லட்சம் நியாயமா என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.